பிராங்பேர்ட்டுக்கு ஓர் அகவணக்கம்

குணசேகரம் மகள் வேணுஜாவைக் கூப்பிட்டது ஊர் பார்க்க அல்ல. பிராங்பேர்ட்டின் பழைய தெருக்களைச் சுற்றிக்காட்டுவதுதான் அவளுடைய வேலை. ஆனால் அப்பாவுக்கு அதில் ஒருநாளும் அக்கறை இருந்ததில்லை. இன்று மட்டும், தான் தொடங்கி நடத்திவரும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் நிர்வாகக் குழுவையே கூட்டிக்கொண்டு வந்து பழைய நகர மண்டபத்தின் முன் நிறுத்தியிருந்தார். பின்னேரம் வாக்கெடுப்பு. பள்ளியை ஒரு பெரிய கூட்டமைப்போடு இணைப்பதா, வேண்டாமா என்று.

"இந்தச் சுதந்திர நகரம் எப்பிடிப் போனதெண்டு சொல்லு பிள்ளை. வடிவாச் சொல்லு," என்றார் காதோடு.

இந்தக் கதையைக் கேட்டால் குழு இணைப்பை மறுத்துவிடும் என்ற அவருடைய எண்ணம் அவளுக்கு விளங்காமல் இல்லை. ஆனால் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், படிப்பிக்க ஆளில்லை, இணையாவிட்டால் கோடை விடுமுறையோடு பள்ளிக்குப் பூட்டுத்தான். அப்பாவுக்கும் அது தெரியும், பிடிவாதம் விடவில்லை. இணைந்தால் பள்ளியின் பெயர் போகும், அவர் எழுதிய பள்ளிக்கீதமும் போகும்.

வேணுஜா தொடங்கினாள். எந்த மன்னருக்கும் கீழ்ப்படியாமல், தனக்கென்று நாணயமும் ஆட்சிமன்றமும் வைத்திருந்த ஊர். 1866இல் பிரஷ்யப் படை சண்டையில்லாமலே உள்ளே வந்தது. பெருந்தண்டம் கேட்டது. ஆட்சிமன்றத்தாரின் பெயர்களையும் சொத்துகளையும் எழுதித் தா என்று நகரத் தலைவரை நெருக்கியது. அவர் காட்டிக்கொடுக்கவில்லை. தூக்குப் போட்டுக்கொண்டார்.

அவ்வளவுதான். குழுவில் முன்னால் நின்ற தேவமலர் அக்கா கைப்பையைக் கீழே வைத்தார். நிர்வாகக் குழு முழுவதும் வரிசையாக நின்று தலை குனிந்துவிட்டது. இறந்தவருக்கு மௌன அகவணக்கம்! பிறந்தநாள் விழாவைத் தவிர வேறெந்தக் கூட்டத்தையும் அது இல்லாமல் தொடங்கியறியாத சனம். செத்தவர் ஜெர்மன்காரர் என்பதற்காக விட்டுவிடுமா? ஐஸ்கிரீமோடு நின்ற சுற்றுலாப் பயணிகள் வாயைப் பிளந்தார்கள். வேணுஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கதையில் இன்னும் மீதி இருந்தது.

"நாங்கள் ஒருத்தரோடையும் சேரமாட்டம் அண்ணை," என்றார் தேவமலர், கண்ணைத் துடைத்தபடி.

குணசேகரத்தின் முகம் பூரித்துப்போயிற்று. அப்படியொரு முகத்தை அவள் கண்டு கனகாலம். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவளால் முடியவில்லை.

"அப்பா, கதை முடியேல்லை. பிரஷ்யாக்காரர் எடுத்தாப் பிறகு ஊர் அழியேல்லை. வளந்தது. நான் படிச்ச பல்கலைக்கழகம், நாங்கள் ரெயின் ஏறுற பெரிய பான்ஹோஃப், எல்லாம் அதுக்குப் பிறகுதான் வந்தது."

குணசேகரம் மண்டபத்தின் மாடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த மனுசன் அதொண்டையும் காணேல்லை, என்ன?"

"இல்லையப்பா."

"ஓம்," என்றார். பிறகு எல்லோருக்கும் முன்னால் நடக்கத் தொடங்கினார். வேணுஜா சொன்னது உண்மைதான், ஆனாலும் படைக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டவள்போலத் தன்மேல் தனக்கே வெறுப்பு வந்தது.

வாடகைக்கு எடுத்த தேவாலய மண்டபத்தில் வாக்கெடுப்பு நடந்தது. இணைப்புக்கு முதலில் உயர்ந்த கை குணசேகரத்தின் கைதான். அவரைத் திகைத்துப் பார்த்துவிட்டு மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கை உயர்த்தினார்கள். தேவமலர் அக்கா தேத்தண்ணி ஊற்றப் போனார்.

அப்போது குணசேகரம் எழுந்தார். முன்சுவரில், சனிக்கிழமைதோறும் அவரே மாட்டி அவரே கழற்றும் பள்ளிப் பெயர்ப்பலகை தொங்கியது. அதற்கு நேரே நின்று தலை குனிந்தார். ஏனென்று விளங்காமலே எல்லோரும் எழுந்து நின்றார்கள். வேணுஜா அப்பாவுக்குப் பக்கத்தில் போய்த் தலை குனிந்து நின்றாள்.