அஞ்சரைக் கட்டை

"அம்மா, சுருதியை ஒரு கட்டை இறக்கிக்கலாமே" என்றாள் மகள், பேஸ் கிடாரைத் தோளிலிருந்து கழற்றாமலே.

குரல் கெஞ்சுகிற மாதிரிதான் இருந்தது. ஆனால் என் மகளை எனக்குத் தெரியாதா? அவள் ஒன்றைக் கேட்கிறாள் என்றால் அதை முடிவெடுத்து ரெண்டு நாள் ஆகியிருக்கும்.

"முடியாது" என்றேன்.

"இன்னிக்கும் அந்த இடத்துல குரல் உடைஞ்சுதும்மா."

"உடைஞ்சா ஒட்டிக்கிறேன். உனக்கென்ன?"

டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த என் கொழுந்தன் சும்மா இருப்பானா? "கட்டையில போற வயசுல அஞ்சரைக் கட்டை கேக்குதா அண்ணி?" என்று சொல்லி, அதற்கு அவனே சிரித்துக்கொண்டு சிம்பலை ஒரு தட்டும் தட்டினான். உனக்கும் எனக்கும் ஒரே வயசு, எனக்கு அடுக்கின கட்டைக்குப் பக்கத்திலேயே உனக்கும் அடுக்கியிருப்பாங்க என்றேன்.

எங்கள் 'ஊற்று' இசைத்தட்டு வெளிவந்தது அறுபத்தெட்டில். கிணறு வெட்டுகிறவர்கள் பாடுகிற மெட்டுகளை எடுத்து, பன்னிரண்டு கம்பி கிடாரும் டிரம்ஸும் சேர்த்து நாலு பேர் செய்த வேலை அது. முறையாகப் பாட்டுப் படித்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். கல்லூரிப் பிள்ளைகள் தட்டு தேயும்வரை போட்டுக் கேட்டார்கள். கிடார் வாசித்தவர் பிறகு எங்கள் வீட்டுக்காரர் ஆனார். டிரம்ஸ் வாசித்தது அவர் தம்பி. பேஸ் வாசித்த நண்பர் போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் இடத்தில்தான் இப்போது மகள். பாடினது நான்.

தட்டு வந்த ஆறே மாதத்தில் குழு கலைந்தது. எனக்குக் கல்யாணம், வங்கியில் வேலை, பிள்ளை. பாட்டு போனது, பட்டப்பெயர் மட்டும் போகவில்லை. வானொலியில் தட்டின் கடைசிப் பாட்டைப் போட்ட ஒருத்தர் 'அஞ்சரைக் கட்டையில் அநாயாசமாகப் பாடும் பெண்' என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நான் அஞ்சரை. வங்கிக் கவுண்டரில்கூட "அஞ்சரை மேடம் லீவா?" என்றுதான் கேட்பார்கள். கொழுந்தனுக்குப் புயல் என்று பேர். அதே பாட்டில் அவன் கை போகிற வேகத்தைக் கேட்டு யாரோ வைத்தது. ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கப் பத்து நிமிஷம் எடுத்துக்கொள்கிறவன், புயல்!

இப்போது இந்த மாதக் கடைசியில் ஒரு அரங்கத்தில் அந்தத் தட்டை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை அப்படியே வாசிக்கப்போகிறோம். மகளின் ஏற்பாடு. ஒத்திகைக்கு ஒரு தச்சுப் பட்டறையின் மாடி கிடைத்தது. கீழே கட்டை அறுக்கிறார்கள், மேலே நான் கட்டையோடு மல்லுக்கட்டுகிறேன்.

மற்ற பாட்டெல்லாம் வந்துவிட்டது. கடைசிப் பாட்டு 'மேலே வா'தான் வரவில்லை. குழிக்குள் இருக்கிறவனைக் கயிற்றில் கட்டி மேலே இழுக்கிற பாட்டு அது. கடைசி 'வா' ஒவ்வொரு படியாக ஏறி, உச்சியில் போய் அப்படியே நிற்க வேண்டும். அங்கேதான் எனக்கு உடைகிறது.

"இறக்க வேணாம்னா இன்னொண்ணு செய்யலாம்" என்றாள் மகள். பார்வை ஓரத்து நாற்காலிக்குப் போனது. அங்கே கோரஸ் பாட வந்த பெண் உட்கார்ந்திருந்தாள். "அந்தப் பாட்டை மட்டும் இவ பாடட்டும். ஜனங்க அஞ்சரையில கேட்டுப் பழகினவங்க. உன் பாட்டை நீயே சொதப்பறதைப் பாக்க எனக்கு மனசு வரல."

அந்தப் பெண் பதறி எழுந்து, "ஐயோ ஆன்ட்டி, நான் கேக்கலை" என்றாள். நல்ல பெண். நல்ல பெண்ணாக இருந்து தொலைத்ததால் அவளைத் திட்டவும் முடியவில்லை.

என் பாட்டு. என் குரலுக்கு மிஞ்சியிருக்கிற ஒரே அடையாளம். அதை இன்னொருத்தி பாட, நான் பக்கத்தில் நின்று தலையாட்ட வேண்டுமா?

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் குடு. அன்னிக்கும் வரலைன்னா இவளே பாடட்டும். நான் முன்வரிசையில உக்காந்து கை தட்டறேன்" என்றேன். கை தட்டுகிற ஆளா நான்? ஆனால் சொல்லிவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் தட்டு ஓடியது. காலையில் காபி ஆறுவதற்குள் ஆரம்பிப்பேன். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தினார். நான் எங்கள் ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்தேன்.

தட்டில் பாடுகிறவள் மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. மூச்சு வாங்காமல், சிணுங்காமல், மாடிப்படி ஏறுகிற மாதிரி ஏறிப் போகிறாள் சிறுக்கி. அவள் நான்தான் என்று ஊருக்குத் தெரியும். எனக்கென்னவோ அவள் சக்களத்தியாகத்தான் பட்டாள். எங்கள் வீட்டுக்காரர் வேறு கண்ணை மூடிக்கொண்டு, "அடடா, என்னமா நிக்குது பாரு" என்பார்.

"அவளையே கட்டிக்கோங்க" என்பேன்.

"அவளைத்தானே கட்டினேன்" என்பார் அப்பாவியாக.

அவருக்கும் அந்தப் பாட்டில் ஒரு தொல்லை இருந்தது. கிடார் கழுத்தில் மாட்டுகிற இடுக்கி ஒன்று உண்டு, கேப்போ என்பார்கள். மாட்டினால் எல்லாக் கம்பியும் ஒன்றாக அரைக் கட்டை ஏறிவிடும். அது இல்லாமல் அவருக்குத் தட்டோடு சேர்ந்து வாசிக்கவே வரவில்லை. மகள் வாங்கிக் கொடுத்த பிறகுதான் ஒத்துப்போனது. "அந்தக் காலத்துல இது இல்லாம எப்படித்தான் வாசிச்சேனோ, விரலெல்லாம் மறந்துபோச்சு" என்று புலம்பினார். வயசாகிவிட்டது, வேறென்ன என்றேன் நான். முட்டி வலி, மறதி வரிசையில் அதையும் சேர்த்துவிட்டு மறந்துபோனோம்.

சனிக்கிழமைவரை அந்த 'வா' எனக்கு நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பட்டறை மாடியில் எல்லோரும் கூடினோம். வீட்டுக்காரர் கிடார்ப் பெட்டியைத் திறந்தார், மூடினார், சட்டைப்பையைத் தடவினார், திருதிருவென்று முழித்தார்.

"கேப்போவை வீட்டுல வச்சுட்டேன் போல."

"அப்பா!" என்று மகள் பல்லைக் கடித்தாள்.

"பரவாயில்லை, சும்மா வாசிங்க. நான் தொண்டையைச் சரி பண்ணிக்கிறேன்" என்றேன்.

அவர் மட்டும் வெறும் கம்பியில் ஆரம்பித்தார். பன்னிரண்டு கம்பியும் தடையில்லாமல் அதிர்ந்தன. எனக்கு உடம்பு சிலிர்த்தது. பயம் போன இடம் தெரியவில்லை. கண்ணை மூடிப் பாடினேன். படிப்படியாக ஏறினேன். உச்சியில் 'வா' போய் நின்றது, நான் விடுகிறவரை நின்றது.

"அம்மா!" என்று மகள் கத்தியே விட்டாள். புயல் எழுந்து நின்று கை தட்டினான். நான் கோரஸ் பெண்ணைப் பெருமையாகப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி... இது அஞ்சு கட்டை" என்றாள் மெதுவாக. "கேப்போ இல்லல்ல?"

என் முகம் போன போக்கை நல்லவேளை நான் பார்க்கவில்லை. ஆனால் வீட்டுக்காரர் வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தார். இடது கையை முகத்துக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"விரலுக்கு ஞாபகம் இருக்குடி" என்றார். "இப்ப வாசிச்சேனே, இப்படித்தான் அன்னிக்கும் வாசிச்சேன். வெறும் கம்பி. அறுபத்தெட்டுல கேப்போன்னு ஒண்ணை நான் கண்ணால பாத்ததுகூட இல்லை. அப்ப தட்டுல மட்டும் எப்படி அஞ்சரை வந்துச்சு?"

புயல் மட்டும் உட்கார்ந்து, ஏற்கெனவே இறுகியிருந்த ஒரு டிரம்ஸ் திருகை மும்முரமாக இறுக்கிக்கொண்டிருந்தான்.

"சித்தப்பா" என்றாள் மகள். "என்ன அது?"

"ஒண்ணுமில்லையே."

"தம்பி" என்றேன் நான். அந்த ஒரு சொல்லை நான் எப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும்.

மென்று முழுங்கினான். "ரெக்கார்டிங் முடிஞ்சதும் நீங்க ரெண்டு பேரும் டீ குடிக்கிறோம்னு போயிட்டீங்க. நீங்க என்ன டீ குடிச்சீங்கன்னு எனக்குத் தெரியாதா? அப்ப கம்பெனி முதலாளி உள்ள வந்தாரு. கடைசிப் பாட்டு இழுவையா இருக்கு, கொஞ்சம் முடுக்கி விடுன்னாரு. மெஷின்ல டேப்பை வேகமா ஓட்டி எடுத்தாங்க. வேகம் ஏறுனா சுருதியும் ஏறுமில்ல? தட்டு வந்ததும் எல்லாரும் என்னைப் புயல்னாங்க. நான் என்னத்தைச் சொல்றது அண்ணி?"

"இத்தனை வருஷமா அந்தப் பேரைக் காப்பாத்திக்க வாயில கொழுக்கட்டையா?"

"உங்களுக்கும்தானே பேர் கிடைச்சுது" என்றான் பாவமாக.

அதுதான் என்னைச் சுட்டது. வானொலிக்காரர் புகழ்ந்தது என்னை இல்லை. வங்கியில் அவர்கள் கூப்பிட்ட அஞ்சரை நான் இல்லை. எவனோ ஒரு முதலாளி அவசரப்பட்டதால் ஒரு மெஷினுக்குக் கிடைத்த பேரை, நான் இத்தனை வருஷம் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன். அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

மகளின் முகமோ தெளிந்துவிட்டது. "நல்லதா போச்சும்மா! அசலே அஞ்சுதான். நாம அசலைப் பாடுவோம். மேடையில நானே இந்தக் கதையைச் சொல்லிடறேன், ஜனங்க ரசிப்பாங்க. நீதான் பாடறே." கோரஸ் பெண் நிம்மதியாகச் சிரித்தாள். வீட்டுக்காரர் கிடாரைத் தட்டிக் கொடுத்தார். எல்லோருக்கும் பாரம் இறங்கிவிட்டது.

எனக்கும் இறங்கியிருக்க வேண்டும். கேட்டது கிடைத்துவிட்டதே. பாட்டு என்னுடையது, மேடை என்னுடையது, அஞ்சு கட்டை தொண்டைக்குச் சுகமாக இருக்கிறது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ஆனால் அந்தச் சிறுக்கி நினைவுக்கு வந்தாள். ஒரு வாரமாக யாரைப் பார்த்துப் பொறாமைப்பட்டேனோ, அவள் அங்கே ஏறவே இல்லை. அவளைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். அந்த உயரத்துக்கு இதுவரை யாருமே தன் காலால் போனதில்லை.

"அரைக் கட்டை ஏத்துங்க" என்றேன்.

"அம்மா, அதான் தேவையில்லையே!"

"தேவையில்லைதான். மெஷின் தூக்கி விட்ட இடத்துக்கு நான் நடந்து போய்ப் பாக்கணும். தம்பி, நீயும்தான். தட்டுல இருக்கிற அதே வேகம். பேருக்குத் தகுந்த மாதிரி ஒரு தடவையாவது வாசி."

"ஐயோ, கை கழண்டுடும் அண்ணி!"

"கழண்டா மாட்டிக்கலாம்."

"கேப்போ வீட்டுல இருக்கே" என்றார் வீட்டுக்காரர்.

மகள் என்னையே பார்த்தாள். அவள் பார்க்கிற விதம் என் அம்மாவின் பார்வை, என்னிடமும் உண்டு என்பார்கள். தடதடவென்று படியிறங்கிப் போனாள். திரும்பி வரும்போது கையில் விரல் நீளத்தில் ஒரு மரத்துண்டு.

"அரைக் கட்டை ஏத்த ஒரு கட்டை" என்றாள். தலைமுடியில் போட்டிருந்த ரப்பர் பேண்டுகளைக் கழற்றி, மரத்துண்டைக் கிடார் கழுத்தின் குறுக்கே வைத்து, இழுத்து இழுத்துச் சுற்றிக் கட்டினாள். வீட்டுக்காரர் ஒரு தடவை மீட்டிப் பார்த்தார். அஞ்சரை.

புயல் நெற்றியைத் துடைத்துக்கொண்டு குச்சிகளைத் தட்டினான். ஆரம்பித்தோம். பாவம், அவன் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தான். நான் ஏறினேன். உச்சிக்கு ஒரு படி இருக்கும்போது குரல் உடைந்தது.

கிடார் நின்றது. எல்லோரும் மகளைப் பார்த்தார்கள். இறக்கலாம் என்று சொல்வாள், சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவள் பேஸ் கிடாரைச் சரியாக மாட்டிக்கொண்டாள்.

"திரும்ப" என்றாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு."

இந்த முறை நான் தட்டைப் போல் பாடப் பார்க்கவில்லை. தட்டில் அந்தச் சிறுக்கி மூச்சு வாங்காத இடத்தில் வாங்கினேன். அவள் வழுக்கிக்கொண்டு போன இடத்தில் பிடித்துப் பிடித்து ஏறினேன். கழுத்து நரம்பு தெறித்தது. கடைசிப் படி. 'வா' போய்ச் சேர்ந்தது. வழவழப்பு இல்லை, கரகரப்புதான். ஆனால் சுருதியில் இருந்தது, நின்றது. நான் அதை விட மாட்டேன் என்று நின்றது.

முடிந்ததும் புயல் டிரம்ஸ் மேலேயே கவிழ்ந்து படுத்துவிட்டான். வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மகள் கோரஸ் பெண்ணிடம், "உனக்குக் கோரஸ்தான்மா" என்றாள். அந்தப் பெண் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

படியில் யாரோ ஏறி வருகிற சத்தம். கீழே பட்டறைத் தச்சர், கையெல்லாம் மரத்தூள்.

"மன்னிச்சுக்குங்க, வேலையை அப்படியே போட்டுட்டு வந்துட்டேன்" என்றார். "எங்க அப்பா இந்தத் தட்டைப் போட்டுத்தான் எங்களை எழுப்புவாரு. பழைய ரெக்கார்டைத்தான் போட்டிருக்கீங்களோன்னு பாக்க வந்தேன்."

"ரெக்கார்டு இல்லைங்க" என்றேன். "அதுல பாடற பொண்ணுக்கு அஞ்சு கட்டைதான் வரும்."