மேல் பல் தெரியாத சிரிப்பு

பட்டாணியை யாரும் விளையாட்டில் சேர்த்துக்கொள்ளவில்லை. அதற்குக் காரணம் தன் கூடப்பிறந்தவன்தான் என்று தெரிந்த நாளிலிருந்து அக்காவுக்கு அவனைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

அக்காவும் தம்பியும் உயிரியல் பூங்காவில் சிம்பன்சிகளைப் பராமரிப்பவர்கள். தாய் செத்துப்போன சிம்பன்சிக் குட்டி பட்டாணியைத் தம்பிதான் வீட்டில் வைத்துப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தான். அதோடு விட்டிருக்கலாம். பல்லைக் காட்டவும் சொல்லிக்கொடுத்தான். அவன் 'ஈ' என்றால் குட்டியும் மேல்வரிசை கீழ்வரிசை எல்லாம் தெரிய 'ஈ' என்று இளிக்கும். பார்க்க வந்தவர்கள் கைதட்டினார்கள். தம்பிக்குத் தலைகால் புரியவில்லை.

சிம்பன்சிக் கூட்டத்தில் அந்த முகத்துக்கு, 'பயமாயிருக்கிறது, விட்டுவிடு' என்று அர்த்தம். விளையாடக் கூப்பிடும் முகம் வேறு. வாய் திறந்திருக்கும், மேலுதடு இறங்கி மேல் பல்லை மறைத்துக்கொள்ளும், மூச்சு 'ஹக் ஹக்' என்று சிரிப்பாக வரும்.

கூட்டத்தில் வம்பி என்று ஒரு இளம் பெண் சிம்பன்சி. அது தலையை ஆட்டிக்கொண்டே வந்து பட்டாணியின் காலைப் பிடித்து இழுக்கும். பட்டாணி சந்தோஷத்தில் 'ஈ' என்னும். வம்பி உடனே காலை விட்டுவிட்டு, பாவம் என்று முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விடும். பட்டாணி தனியாக நின்று இன்னும் பெரிதாக இளிக்கும்.

இந்த வாரமும் கூட்டத்தோடு ஒட்டவில்லை என்றால் குட்டியை வேறொரு பூங்காவுக்கு அனுப்பவேண்டியதுதான், அங்கே தனிக் கூண்டுதான் என்று பூங்காவின் டாக்டரம்மா சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தம்பிக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் பட்டாணியைப் பார்த்தால் மட்டும் வாய் காதுவரை போனது.

இனி கொட்டகைக்குள் யாரும் மேல் பல்லைக் காட்டக் கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொன்னாள். அவளே மேலுதட்டை இழுத்து மூடிக்கொண்டு, 'ஹக் ஹக்' என்று மூச்சு விட்டபடி, கம்பிவலை வழியாகப் பட்டாணிக்குக் கிச்சுகிச்சு மூட்டினாள். பெருக்க வந்த அம்மாள் அதைப் பார்த்து, மேடத்துக்கு வலிப்பு என்று தண்ணீர் எடுக்க ஓடினாள்.

தம்பிதான் சரிப்படவில்லை. உதட்டை இறக்குவான், ஒரு நிமிஷம் தாங்குவான், பிறகு முப்பத்திரண்டும் வெளியே வந்துவிடும். அவளுடைய மூஞ்சியைப் பார்த்தால் சிரிப்பு வருகிறதாம், அவன் என்ன செய்வானாம். ஊசியும் நூலும் கொண்டுவந்து தைத்துவிடுவேன் என்றாள் அக்கா.

அக்காவிடம் பட்டாணி மெல்ல உதட்டை இறக்கக் கற்றுக்கொண்டது. ஆனால் கூட்டத்துக்குள் விட்டதும் அதன் கண் தம்பியைத் தேடும். அவன் முகம் தெரிந்தால் போதும், 'ஈ'தான்.

அந்த வாரத்தின் கடைசி நாள் காலையில் அக்கா இரும்புக் கதவைத் திறந்து அவனுக்கு வெளியே வழி காட்டினாள்.

"நான் இல்லேன்னா பயந்துருவான்க்கா."

"நீ இருக்கறதாலதான்டா பயந்தவன் மாதிரி இருக்கான். போ வெளிய."

போனான். போன வேகத்தில் கதவைத் தட்டி, பட்டாணி என்ன செய்கிறான் என்று கேட்டான். மறுபடி தட்டினான். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். அதையும் உதட்டுக்குள்ளேயே கடிக்கவேண்டியிருந்தது.

பட்டாணியைக் கூட்டத்துக்குள் விட்டதும் வம்பி வந்து அதன் காலைப் பிடித்து இழுத்தது. பட்டாணி கம்பிவலைப் பக்கம் திரும்பிப் பார்த்தது. தம்பி நிற்கும் இடத்தில் யாரும் இல்லை. அதன் வாய் மெல்லத் திறந்தது. மேலுதடு இறங்கியது. வம்பி அதன் மண்டையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஓடி, துரத்தி வருகிறதா என்று திரும்பிப் பார்த்தது. பட்டாணி துரத்தியது. இரண்டும் வைக்கோலில் கட்டிப் புரண்டன.

"அக்கா, யாரு சிரிக்கிறா? நம்மவனா?"

"ரெண்டும் ஒரே உருண்டையா கெடக்குதுங்க. எது யாரோட சத்தம்னு எனக்கே தெரியல."

தம்பி மறுபடி கதவைத் தட்டினான்.

"வாயப் பொத்திக்கிட்டு ஒரே ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்க்கா."

அக்காவுக்குத் தெரியாதா அவன் வாயை. எழுந்து போய், சத்தம் வராமல் தாழ்ப்பாளைப் போட்டாள்.