நாடா பிடித்தவள்

“மிஸ், நாடாவைப் பிடிச்சுக்கிட்டு நின்னா, நானும் ஓடினதாத்தானே கணக்கு?”

பாலர் வகுப்பை முடிக்கப்போகிற அந்தச் சிறுமி ஒருநாள் இப்படிக் கேட்டபோது, விளையாட்டு டீச்சர் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே தலையை ஆட்டிவைத்தாள். வாய்விட்டு ஆமாம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. பிள்ளைக்கு இடது கால் கொஞ்சம் குட்டை. ஓடவிட்டால், மற்றவர்கள் ஓடி முடித்துத் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் இவள் பாதி மைதானத்தில் இருப்பாள். விளையாட்டு விழாவில் பெற்றோர் எல்லாரும் படம் பிடிப்பார்கள், பார்க்க நன்றாக இருக்காது, அவளுக்கு வேறு ஏதாவது வேலை கொடுங்கள் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். முடிவுக்கோட்டில் ஒரு கம்பத்தில் நாடாவின் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையை இவள் கையில் கொடுத்தது அதனால்தான்.

போன வருடம் கட்டியது காகித நாடா. பெற்றோர் சங்கத் தலைவியின் மகன் முதலாவதாக வருவதற்குள் காற்றே அதை அறுத்துவிட்டது. படத்தில் நாடா இல்லாமல் போய்விட்டது. அதற்கு டீச்சர் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஆகவே இந்த முறை இழுத்தாலும் அறுந்துபோகாத சாட்டின் நாடா வாங்கினாள். பிள்ளையின் முன்னால் குந்தி உட்கார்ந்து, “படம் எடுக்கிறவரைக்கும் என்ன ஆனாலும் விடக் கூடாது, தெரியுதா?” என்றாள்.

“செத்தாலும் விட மாட்டேன் மிஸ்.”

விழாவன்று பிள்ளையின் அம்மா, லாண்டரியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, மடிப்புக் கலையாத உடுப்பில் வந்திருந்தாள். முன்வரிசையில் இருந்த சங்கத் தலைவி திரும்பிப் பார்த்தாள்.

“உங்க பொண்ணு எந்த ஓட்டத்துல?”

“நாடா பிடிக்கிறாங்க.”

“ஓ, கம்பத்தோட வேலையா? நல்லதாப் போச்சு. கம்பத்துக்குக் கால் எதுக்கு?”

வரிசை முழுவதும் சிரித்தது. அந்த அம்மாவும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் கோபித்துக்கொண்டதாக ஆகிவிடுமே என்று பயம்.

விசில் ஊதியதும், எல்லாரும் ராக்கெட் என்று கூப்பிடுகிற தலைவியின் மகன் பாய்ந்து வந்தான். பிள்ளை நாடாவை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். நாடா அவன் மார்பில் பட்டது. அறுபடவில்லை, அவளும் விடவில்லை. அவன் மல்லாந்து விழ, பின்னால் வந்தவன் கால் இடறி அவன் முகத்தில் பட்டது. இவளும் இழுபட்டு முழங்கால் தேய விழுந்தாள். ராக்கெட்டின் வாயெல்லாம் ரத்தம். முன்பல் ஒன்று புல்லில் கிடந்தது.

“ஓட வக்கில்லாதது, ஓடுறவனையும் விழ வைக்குது பாருங்க!” என்று தலைவி கத்தினாள். லாண்டரி அம்மா ஓடிவந்தாள். மகளைத் தூக்கினாள். தூக்கிய கையாலேயே கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். “மானத்தை வாங்கிட்டியேடி!”

தலைமையாசிரியை குனிந்து கேட்டார். “யாரு உன்னை இப்படி இறுக்கிப் பிடிக்கச் சொன்னது?”

குழந்தை அண்ணாந்து டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தன் விசிலைப் பார்த்தாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கடவுளே, கடவுளே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள்.

“யாரும் சொல்லல,” என்றாள் குழந்தை, சிவந்த கன்னத்தைத் தடவிக்கொண்டே. “நானாத்தான் பிடிச்சேன்.” மிஸ்ஸுக்கும் அறை விழும் என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை வணக்கக் கூட்டத்தில், எல்லா வகுப்புக்கும் முன்னால் அவளை மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். ராக்கெட் பெருந்தன்மையாக, “பரவால்ல, அந்தப் பல்லு ஏற்கெனவே ஆடிக்கிட்டுத்தான் இருந்துச்சு,” என்றான். மன்னிப்பைக் கேட்கவென்றே வந்து பக்கத்தில் நின்ற அவன் அம்மா அவன் தொடையில் கிள்ளினாள்.

அதோடு விடவில்லை தலைவி. அந்தப் பிள்ளை உட்காருகிற ஒன்றாம் வகுப்பில் தன் மகன் உட்கார மாட்டான் என்று சொல்லிவிட்டாள்.

அந்தப் பள்ளியில் ஆண்டுக் கடைசியில் வளர்ச்சி நாள் என்று ஒன்று உண்டு. பாலர் வகுப்புப் பிள்ளைகள் ஒரு சுண்ணாம்புக் கோட்டின் மேல் நின்று, ஒரே தாவலில் எதிர்க் கோட்டைத் தாண்ட வேண்டும். பெற்றோர் கை தட்டுவார்கள். தாண்டினால் ஒன்றாம் வகுப்பு. தாண்டாவிட்டால் இன்னொரு வருடம் அதே வகுப்பு. பேச்சுக்குத்தான் அது, தாண்டாமல் யாரும் நின்றதில்லை. எல்லாரும் தாண்டுகிற இடத்தில்தான் கோடு இருக்கும்.

இந்த முறை முந்தின நாள் மாலையே தலைமையாசிரியை மைதானத்துக்கு வந்து நின்றார். “கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்களேன். பிள்ளைங்க வளர்ந்துட்டாங்க இல்ல?”

டீச்சர் தள்ளிப் போட்டாள்.

“இன்னும் கொஞ்சம். மத்த பிள்ளைங்க தாண்டுற அளவு போதும். நான் வேற ஒண்ணும் சொல்லல.”

யாருக்காக இந்தக் கோடு என்று இருவருக்கும் தெரியும். டீச்சர் போட்டு முடித்தாள். அவர் தலை மறைந்ததும், லாண்டரி அம்மா மகளைக் கையில் பிடித்தபடி வந்தாள்.

“வீட்டுல தரையில கோடு போட்டுத் தாவித் தாவி முட்டியெல்லாம் புண்ணு மிஸ். அன்னைக்கு அடிச்சதுலேருந்து என்கிட்ட சரியாப் பேச மாட்டேங்குறா. நாளைக்குத் தாண்டிட்டான்னா எல்லாம் சரியாயிடும். தாண்டிடுவாளா?”

டீச்சர் பதில் சொல்வதற்குள் பிள்ளை கோட்டின் மேல் ஏறி நின்றுவிட்டாள். “பாருங்க மிஸ்!” கையை வீசி, இருந்த மூச்சையெல்லாம் கூட்டித் தாவினாள். குதிகால் ஈர மண்ணில் அழுந்தியது. எதிர்க் கோடு இன்னும் ஒரு சாணுக்கு அப்பால் இருந்தது.

“நாளைக்குச் சாப்பிட்டுட்டு வந்தா தாண்டிடுவேன்,” என்றாள் குழந்தை. அம்மா கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும், வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில், டீச்சர் மைதானத்துக்கு வந்தாள். நேற்றுப் போட்ட எதிர்க் கோட்டைக் காலால் தேய்த்து அழித்தாள். பிறகு குனிந்து தேடினாள். அந்தச் சின்னக் குதிகால் தடங்கள் இரண்டும் அப்படியே இருந்தன. ஒன்று ஆழமாக, ஒன்று லேசாக. அவற்றுக்கு நாலு விரற்கடை முன்னால், பிள்ளைகள் தாவி வருகிற பக்கமாக, கயிறு பிடித்து நேராகப் புதுக் கோடு போட்டாள். தலைமையாசிரியையின் கண்ணில் பட்டால் வேலை போகும். அதை நினைத்து வாசல் பக்கம் திரும்பிப் பார்த்ததில் சுண்ணாம்பு ஓரிடத்தில் கூடுதலாகக் கொட்டியது. ஊதிச் சரி செய்தாள்.

கடைசியில் மண்டியிட்டு, அந்த இரண்டு தடங்களையும் உள்ளங்கையால் மெதுவாகத் தடவி மூடினாள். எழுந்து, குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டாள்.