இடது பக்கத்துக்கு மட்டும் டெஃப்ளான்

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று வரதன் சார் கேட்ட முதல் கேள்வி, "உனக்கு வாய் கீதா, இல்லியாம்மா?" என்பது. நான் தலையை ஆட்டினேன்.

"தல கீதுன்னு தெரியுது" என்றார்.

செங்கல்பட்டு இராட்டிணக்கிணறு பக்கம் அவருடைய டூவீலர் சர்வீஸ் சென்டர். 2006 ஜூன் மாதம். நான் பி.எஸ்ஸி. வேதியியல் முடித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வண்டி கொண்டு வருபவர்களிடம் குறைகளைக் கேட்டு ஜாப் கார்டில் எழுதுவது என் வேலை. அது எனக்குப் பிடித்திருந்தது. குறை சொல்லும்போது எல்லோரும் வண்டியைப் பார்த்தே பேசுவார்கள். என்னைப் பார்க்க மாட்டார்கள்.

பிடிக்காதது ஜாப் கார்டின் கீழ்ப்பகுதி. அங்கே நான்கு கட்டங்கள் இருந்தன. டெஃப்ளான் கோட்டிங், என்ஜின் ஃப்ளஷ், கார்பன் க்ளீனிங், நைட்ரஜன் காற்று. எல்லாம் சர்வீஸுக்கு மேல் தனிக் காசு. இவற்றைப் பேசி விற்பதும் என் வேலைதான். அதிலும் டெஃப்ளான் வரதன் சாருடைய செல்லம். பெயின்ட் மேல் பூசும் ஒரு பூச்சு. துரு வராது, அழுக்கு ஒட்டாது என்று சுவரில் பெரிய போஸ்டர். மூன்று மாதத்தில் பத்து வண்டிக்கு டெஃப்ளான் விற்றால் வேலை நிரந்தரம். விற்காவிட்டால் செப்டம்பரோடு கிளம்ப வேண்டும்.

கிளம்பினால் எங்கே போவேன் என்பதும் முடிவாகியிருந்தது. அப்பா மறைமலைநகரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் இருந்தார். அங்கே பேக்கிங்கில் எனக்கு இடம் சொல்லி வைத்திருந்தார். வேலை ஒன்றும் கஷ்டமில்லை. கம்பெனி பஸ்தான் கஷ்டம். அப்பா அதில் ஏறியதும் பேச ஆரம்பித்தால் இறங்கும்போதுதான் நிறுத்துவார். "எம் பொண்ணு கெமிஸ்ட்ரி. இன்னா வேணா கேளு, டக்குனு சொல்லும். டேய் சாம், நீ ஒரு கேள்வி கேள்றா." பஸ்ஸில் நாற்பது தலைகள் என் பக்கம் திரும்புவதை நான் கனவிலேயே இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

ஆனாலும் விற்க வரவில்லை. யாராவது "இது போட்டா நல்லதாம்மா?" என்று கேட்டுவிட்டால் எனக்கு உண்மைதான் வாயில் வந்தது.

படாளத்திலிருந்து சடையப்பன் என்று ஒரு விவசாயி வந்தார். நெல் மூட்டை ஏற்றி ஏற்றிப் பின்பக்கம் தொங்கிப்போன வண்டி. நைட்ரஜன் கட்டத்தைக் காட்டி, "இது இன்னாம்மா?" என்றார்.

"டயருக்குச் சாதாரண காத்துக்குப் பதிலா நைட்ரஜன் அடிக்கிறதுங்க."

"சாதாரண காத்துல அது இல்லியா?"

"எழுபத்தெட்டு சதவீதம் இருக்குங்க."

"அட, அப்ப முக்காவாசி ஏற்கெனவே போட்டுகினுதான் கீறனா?" என்று சந்தோஷமாகப் போய்விட்டார்.

வண்டிக்கு அடியில் படுத்திருந்த மோசஸ் அண்ணா தலையை வெளியே நீட்டினார். அவர்தான் எங்கள் சீனியர் மெக்கானிக். "இன்னா ஜாய்ஸு இது? வந்த ஆள வழி அனுப்பிகினு கீற. டெஃப்ளான்னா நம்ம தோசக்கல்லுல பூசுறதுதானே?"

"அந்த வகைதாண்ணா."

"அப்ப வண்டியில தோச ஒட்டாதுன்னு சொல்லியாவது வித்துடேன்."

கடைச் சுவரில் ஒரு கரும்பலகை இருந்தது. யார் எத்தனை விற்றார்கள் என்று அதில் வரதன் சார் எழுதுவார். என் பெயருக்கு எதிரே பூஜ்யம். தினமும் காலையில் மோசஸ் அண்ணா அதைப் பார்த்து, "இன்னிக்கும் முட்டையா? ஆம்லெட் போட்டுடலாமா?" என்பார்.

மாதத்தில் நான்காவது ஞாயிறு கல்பாக்கம் டவுன்ஷிப்பில் இலவச செக்கப் கேம்ப் நடக்கும். ஷாமியானா போட்டு, மேசை போட்டு, நானும் மோசஸ் அண்ணாவும் உட்காருவோம். அணு ஆராய்ச்சியில் வேலை பார்ப்பவர்கள் வரிசையாக ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். கடல் காற்று நாக்கில் கரிக்கும் ஊர். அங்கே சைக்கிள் பூட்டுகூட ஒரு வருடம்தான் தாங்கும். டெஃப்ளான் விற்க இதைவிட நல்ல இடம் கிடையாது என்று வரதன் சார் சொல்லி அனுப்பினார்.

ஜூன் கேம்ப்பில் கேசவன் சார் வந்தார். விஞ்ஞானி. பழைய ஸ்கூட்டருக்கு அந்த வாரம்தான் வான நீலத்தில் புதுப் பெயின்ட் அடித்திருந்தார். போஸ்டரை முழுக்கப் படித்தார். அடியில் இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தார்.

"ஏம்மா, இது நிஜமாவே துருவைத் தடுக்குமா?"

"கொஞ்சம் தடுக்கலாம் சார். எவ்வளவுன்னு தெரியாது."

அவர் முகம் மலர்ந்தது. "தெரியாதுன்னு சொன்ன முதல் ஆள் நீதாம்மா. சரி, கண்டுபிடிச்சிடலாம். இடது பக்கம் மட்டும் போடுங்க."

"சார்?" என்றார் மோசஸ் அண்ணா.

"இடது பக்கம் பூச்சு. வலது பக்கம் சும்மா. ஒரே வண்டி, ஒரே காத்து, ஒரே மழை. தொண்ணூறு நாள் கழிச்சு எந்தப் பக்கம் எத்தனை துருப்புள்ளின்னு எண்ணிட்டா முடிஞ்சுது."

"சார், பாதித் தலைக்கு மொட்ட போடச் சொல்ற மாதிரி கீது."

கேசவன் சார் காதில் வாங்கவில்லை. ஹெட்லைட்டிலிருந்து நம்பர் பிளேட் வரை நட்ட நடுவில் டேப் ஒட்டினார். மோசஸ் அண்ணா முணுமுணுத்துக்கொண்டே இடது பக்கம் மட்டும் பூசினார்.

மறுநாள் வரதன் சார் பலகையில் என் பூஜ்யத்தை அழித்தார். சாக்பீஸை எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி, ½ என்று பெரிதாக எழுதினார்.

ஜூலை கேம்ப்பில் ஒரு டெஃப்ளான்கூடப் போகவில்லை. ஆகஸ்ட்டிலும் அப்படித்தான். யாரைக் கேட்டாலும் ஒரே பதில். "கேசவன் ரிசல்ட் வரட்டும்." டவுன்ஷிப் முழுக்கச் செய்தி பரவியிருந்தது. கேசவன் சார் வாராவாரம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து நோட்டில் எழுதுகிறாராம். கடல் காற்று இரண்டு பக்கமும் சமமாகப் பட வேண்டும் என்று ஒருநாள் கிழக்கு பார்த்தும் மறுநாள் மேற்கு பார்த்தும் வண்டியை நிறுத்துகிறாராம்.

அவர் மனைவி ஞானம்பாள் அம்மா காய்கறிப் பையோடு கேம்ப்பைக் கடந்து போனார். ஸ்கூட்டரில் வரவில்லையா என்று மோசஸ் அண்ணா கேட்டார்.

"என்னை ஏத்த மாட்டேங்கிறார். நான் காலை இடது பக்கம் போட்டு உட்காருவேன் இல்லையா? புடவை உரசினா பூச்சு போயிடுமாம். ரெண்டு மாசமா கோயிலுக்கு, கடைக்கு எல்லாம் நடைதான்."

"அய்யோ, பேஜாராச்சே."

"நான் பரவாயில்லைப்பா. அந்த வண்டியைப் பார்த்தாத்தான் பாவமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதில் ஏதோ இருக்கிறது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

செப்டம்பர் கேம்ப், ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயிறு. எனக்கும் அதுதான் கடைசி ஞாயிறு. பலகையில் இன்னும் ½தான். அப்பா எனக்காக கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் ஓர சீட்டுக்குச் சொல்லி வைத்துவிட்டார். வரதன் சார் அன்று அவரே வந்திருந்தார். பூச்சு டப்பா இரண்டு பெட்டி வேனில் இருந்தது.

ஷாமியானாவுக்குக் கீழே இருபது இருபத்தைந்து பேர். நடுவில் ஸ்கூட்டர், மேலே பெட்ஷீட் போர்த்தி. ஞானம்பாள் அம்மா ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கேசவன் சார் பெட்ஷீட்டை விலக்கி நோட்டைப் பிரித்தார்.

"இடது பக்கம், டெஃப்ளான் பூசினது. துருப்புள்ளி, பதினொண்ணு."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

"வலது பக்கம், ஒண்ணும் பூசாதது. துருப்புள்ளி, ரெண்டு."

எல்லோரும் சுற்றி வந்து வலது பக்கமும் குனிந்தார்கள்.

"போச்சுடா சாமி" என்றார் மோசஸ் அண்ணா.

வரதன் சார் என் காதருகே வந்தார். "ஜாய்ஸு, நீதானே அன்னிக்கு ஜாப் கார்டு எழுதுன? வலது பக்கம்தான் பூசுனோம், சார் மாத்தி எழுதிகினாருன்னு சொல்லு. நீ சொன்னா நம்புவாங்க. பத்து என்ன, இருபதே போவும்."

நான் சொன்னால் நம்புவார்கள் என்பது உண்மைதான். ஜன்னல் ஓர சீட் கண் முன்னால் வந்தது. எதையாவது செய்ய வேண்டுமே என்று வண்டியருகே போய் வலது பக்கத்தைத் தொட்டேன். விரல் வழுக்கியது. முகர்ந்து பார்த்தேன். ஹாண்டில் பார் மடிப்பில் ஒரு துளி குங்குமம் ஒட்டியிருந்தது.

ஞானம்பாள் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வானத்தைப் பார்த்தார்.

"தேங்காய் எண்ணெய்" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. பூச்சில் கலப்படமா, பெயின்ட் சரியில்லையா என்று அவர்களுக்குள் வாதம் ஆரம்பித்திருந்தது.

"சார், தேங்காய் எண்ணெய்."

"என்னம்மா?" என்று ஒருவர் மட்டும் திரும்பிவிட்டு மறுபடி வாதத்துக்குப் போனார்.

"தேங்காய் எண்ணெய்!"

என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்கே தெரியாது. ரோட்டில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். ஷாமியானாவில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. கனவில் வந்த பஸ்ஸேதான். ஆனால் சொல்ல வேண்டியது இன்னும் பாதி இருந்தது.

"வலது பக்கம் சும்மா இல்லை சார். யாரோ தேங்காய் எண்ணெய் தேய்ச்சிருக்காங்க."

கேசவன் சார் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார்.

"வெள்ளிக்கிழமை மட்டும்தான்" என்றார் ஞானம்பாள் அம்மா. "விளக்கு ஏத்திட்டு, வண்டிக்குப் பொட்டு வச்சிட்டு, கையில இருக்குற எண்ணெயைத் துணியில தொடைச்சு அந்தப் பக்கம் ஒரு இழுப்பு. ரெண்டு பிள்ளையில ஒண்ணுக்கு மட்டும் தீபாவளிச் சட்டை எடுத்த மாதிரி நின்னுது. எப்படிங்க பார்த்துக்கிட்டு இருக்கறது?"

"பதிமூணு வெள்ளிக்கிழமையுமா?" என்றார் கேசவன் சார்.

"ஒரு வாரம் ஊருக்குப் போயிட்டேன். பக்கத்து வீட்டுல சொல்லிட்டுப் போனேன்."

கேசவன் சார் நோட்டை மூடினார். வரதன் சார் வேன் சாவியைத் தேடினார். நான் என் பேனாவைப் பையில் வைத்தேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் கூட்டம் கலையவில்லை. எல்லோரும் முன்பைவிட உற்சாகமாக இருந்தார்கள்.

"அப்படீன்னா, ஒண்ணும் பூசாம விட்டா எத்தனைன்னு நமக்குத் தெரியவே தெரியாதே" என்றார் ரவிச்சந்திரன் என்பவர். கேசவன் சாருடைய ஆபீஸ்காரர். "ஒருவேளை நாப்பதா இருந்தா? அப்ப டெஃப்ளானும் வேலை செஞ்சிருக்குன்னுதானே அர்த்தம்?"

"ஒரே ஒரு வண்டியை வச்சு எதுவும் சொல்ல முடியாது" என்றார் இன்னொருவர்.

"குறைஞ்சது இருபது வேணும். இடது பக்கம் எல்லாத்துக்கும் டெஃப்ளான். வலது பக்கம் பத்துக்குத் தேங்காய் எண்ணெய், பத்துக்குச் சும்மா."

"யாருக்கு எதுன்னு சீட்டுக் குலுக்கிப் போட்டுடலாம்."

கேசவன் சார் என்னைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. இந்தப் பூச்சுக்குக் காசு கொடுக்கலாமா, கூடாதா?"

வரதன் சார் கண்ணாலேயே கெஞ்சினார்.

"தெரியலை சார்" என்றேன்.

"பார்த்தீங்களா?" என்று கேசவன் சார் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னார். "எழுதிக்கோம்மா. என் வண்டியை விட்டுடு, அது கெட்டுப்போச்சு. மத்த இருபது வண்டி. இடது பக்கம் மட்டும்."

ஜாப் கார்டு தீர்ந்துபோய் பில் புக்கின் பின்பக்கத்தில் எழுதினேன். மோசஸ் அண்ணா சாயங்காலம் வரை பூசினார். இடது கை பழக்கமே வந்துவிட்டது என்றார்.

திரும்பி வரும்போது வேனில் வரதன் சார் கணக்குப் போட்டார். "பத்து முழு வண்டின்னு சொன்னேன். இதெல்லாம் பாதி. பாதி கணக்குல வராது."

"அண்ணாத்த, பலகையில அரைன்னு எழுதுனது யாரு?" என்றார் மோசஸ் அண்ணா.

வரதன் சார் திருக்கழுக்குன்றம் தாண்டும் வரை ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் பலகையில் என் பெயருக்கு எதிரே 10½ என்று இருந்தது. என் வேலை நிரந்தரமானது. கம்பெனி பஸ்ஸில் அந்த ஜன்னல் சீட்டில் தன்னோடு வேலை பார்க்கும் சாம் உட்கார்ந்துகொண்டதாக அப்பா வருத்தப்பட்டார்.

அக்டோபர் கேம்ப்புக்குப் போனபோது இருபது ஸ்கூட்டரும் வரிசையாக நின்றன. பத்துக்கு வலது பக்கம் சும்மா விட வேண்டும். சீட்டுக் குலுக்கி, அந்தப் பத்தின் கண்ணாடியில் மட்டும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, கையெழுத்து வாங்கி எல்லாம் செய்திருந்தார்கள். கேசவன் சார் நோட்டோடு முதல் வண்டிக்குக் குனிந்தார். வரிசையின் மறுமுனையில் ஞானம்பாள் அம்மாவும் இன்னும் நாலைந்து பெண்களும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

மோசஸ் அண்ணா வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தார். ஒரு சிவப்பு ஸ்டிக்கர் வண்டியின் வலது பக்கத்தில் விரல் வைத்தார். அடுத்ததிலும் வைத்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"இன்னா ஜாய்ஸு, இருபதும் தல வாரிகினு ஸ்கூலுக்குக் கிளம்புன மாதிரி நிக்குது?"

நான் கேசவன் சாரைப் பார்த்தேன். அவர் இரண்டாவது வண்டிக்குப் போயிருந்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, இந்த முறை முதலிலேயே சத்தமாகக் கூப்பிட்டேன்.

"சார்!"