ஆள் பார்க்க வந்த வீடு

எங்கள் நகரத்தில் புதன்கிழமைகளில் வீடுகள் ஆள் பார்க்க வரும். வீடில்லாதவர்கள் நிறைய, குறைந்த வாடகை வீடுகள் கொஞ்சம் என்பதால், தேர்ந்தெடுக்கும் பொறுப்பை மாநகராட்சி வீடுகளிடமே விட்டுவிட்டது. அதற்குப் பிறகு சிபாரிசுக் கடிதங்கள் குறைந்துவிட்டதாகச் சொல்கிறார்கள்.

வீட்டுக்கு வாஸ்து சரியாக இருக்கிறதா என்று நாம் பார்க்க முடியாது. நமக்கு இருக்கிறதா என்று வீடு பார்க்கும். அதற்காக நாம் கிழக்கு முகமாக நிற்க வேண்டும். வீடு மெதுவாக நம்மைச் சுற்றிவரும். பிடித்திருந்தால் கதவைத் திறக்கும். இல்லாவிட்டால் அடுத்த குடும்பத்தைப் பார்க்கப் போய்விடும்.

நாங்கள் மேம்பாலத்தின் ஒன்பதாம் தூணடியில் இருந்தோம். நான் சாலைகளில் வெள்ளைக்கோடு போடுகிறவன். மனைவி குணவதி, மகள் கோதை. கோதைக்கு ஐந்து வயது. ஈரம் பட்டால் இழுப்பு வரும். போன வருடம் முதல் மழைக்கே உதடு நீலம் பாரித்துவிட்டது. இந்த ஐப்பசி பிறக்கப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள். கல்யாணத்தைப் பண்ணிப் பார்த்தாகிவிட்டது.

இரண்டு வீடுகள் வந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, கதவைத் திறக்காமலே போயின. கூட வந்த வாஸ்து இன்ஸ்பெக்டர் தணிகாசலம்தான் காரணத்தைச் சொன்னார்.

"ஈசானியத்துல வெயிட்டும்மா. கொழந்தைய எடது இடுப்புல வெச்சினுகீற. எந்த வூடு ஒத்துக்கும்?"

"அவ இந்த இடுப்புலதான் சார் குந்துவா."

"வடகிழக்கு காலியா இருக்கணும். பாரம் தென்மேற்குலதான் இருக்கணும்." பிறகு என்னைப் பார்த்தார். "உம் மூக்கு தெக்க திரும்பிகீது. அதையும் கவனி."

அடுத்த புதன்வரை பழகினோம். குணவதி கோதையை வலது தோளுக்குப் பின்னால் தூக்கிக் கட்டிக்கொண்டாள். கோதையோ தூக்கத்தில் இடப்பக்கமே வழுக்கி வந்தாள். சின்ன வயதில் உடைந்த என் மூக்கு கிழக்கைப் பார்க்க வேண்டுமானால், நான் கொஞ்சம் இடப்பக்கம் திரும்பி நிற்க வேண்டியிருந்தது. அப்படி நின்றால் கண்ணுக்குக் கட்டணக் கழிப்பறைதான் தெரிந்தது. இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்துகொண்டேன். தூரத்தில் லாரி உறுமினால் வீடுதான் வருகிறதென்று திரும்பி நின்றேன். வேலையிலும் கை ஓடவில்லை. அந்த வாரம் நான் போட்ட கோடுகள் எல்லாம் கிழக்கே சாய்ந்திருப்பதாக மேஸ்திரி திட்டினார்.

புதன்கிழமை வந்தது இளம்பச்சை வீடு. ஓர் அறை, ஒரு சமையலறை, ஒரு ஜன்னல். எங்களை மூன்று முறை சுற்றியது. கோதையின் பக்கம் கொஞ்சம் நின்றது. பிறகு கதவைத் திறந்தது.

குணவதி அழுதுவிட்டாள். நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு படியில் கால் வைத்தேன். தணிகாசலம் கையை நீட்டித் தடுத்தார்.

"இருப்பா. வூடு சாங்ஷன் ஆயிடுச்சி, மனை ஆவல. மனை இல்லாத வூட்டுக்குள்ள கால வெச்சா ஒதுக்கீடு கேன்சல்."

"மனை எப்ப சார் ஆவும்?"

"அது வேற டிபார்ட்மென்ட்."

அவர் மற்ற வீடுகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். எங்கள் வீடு எங்களோடு ஒன்பதாம் தூணில் தங்கிவிட்டது. பத்தாம் தூண்காரர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். அந்த வீட்டுக்கும் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. அங்கும் இங்கும் நகர்ந்தபடி, ஜன்னலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. சரி, புது இடம் என்று விட்டுவிட்டோம்.

மழை இரண்டு நாள் முன்னதாகவே வந்தது. மேம்பாலத்தடியில் மழை தலைக்கு மேலிருந்து வராது, பக்கவாட்டில் வரும். வீட்டுக்கு அது பழக்கமில்லை. இரண்டாம் நாள் சுவரெல்லாம் ஓதம் ஏறி, காரை உப்பி, வெண்டிலேட்டர் வழியாக இழுத்து இழுத்து மூச்சு விட்டது. கோதையும் அதே தாளத்தில் இழுத்தாள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. யாரிடம் காட்டுவதென்று தெரியவில்லை. குணவதி மகளைத் தூக்கிக்கொண்டாள். நான் வீட்டைத் தாழ்ப்பாளோடு பிடித்துக்கொண்டேன். இருவரையும் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம்.

டாக்டரம்மா கோதைக்குப் புகைமருந்து வைத்தார். "கொஞ்சம் தேவல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி ஈரம் படாம பாத்துக்குங்க" என்றார். அடுத்து வீட்டின் சுவரில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"ஓதம் நெஞ்சுவரைக்கும் ஏறியிருக்கு. அட்மிட் பண்ணணும். மழை முடியற வரைக்கும் வெளிய அனுப்ப முடியாது."

வார்டில் நல்ல கட்டிலாகக் கொடுத்தார்கள். தரை காய்ந்திருந்தது. வாசலில் பாஸ் கொடுக்கிறவர், "கூட ஒருத்தர்தான் இருக்கலாம்" என்றார்.

குணவதி மகளை என்னிடம் நீட்டினாள். கோதையைத் தூக்கி அவர் மேசைமேல் உட்கார வைத்தேன்.

"இவ இருப்பா சார்."

அவர் பேரை எழுதிக்கொண்டு கோதையிடம் கேட்டார். "பேஷன்ட் உனக்கு என்னா வேணும் பாப்பா?"

"என் வூடு."

உறவு என்ற இடத்தில் அதை எழுதி, பாஸை அவள் கழுத்தில் மாட்டிவிட்டார். நாலு மணி நேரத்துக்கொரு தரம் கஞ்சி கொடுக்க வேண்டும், சமையலறைப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க விடக் கூடாது என்று சொன்னார். கோதை தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.