முன்னே போன மகள்

எங்கள் ஊர் வாரப் பத்திரிகையில் பொய் சொல்ல ஒரே ஒரு பக்கத்துக்குத்தான் அனுமதி உண்டு. அது இரங்கல் பக்கம். பெண்டாட்டியை உதைத்தே ஒடுக்கியவன் அங்கே "அன்பான கணவர்" ஆகிவிடுவான். சர்ச்சில் காணிக்கைத் தட்டு வரும்போது மட்டும் கண்ணை மூடி ஜெபிக்கிறவன் "தாராள மனத்தவர்" ஆவான். குடும்பம் எழுதிக் கொடுப்பதை ஒரு சொல்கூட மாற்றாமல் போடவேண்டும் என்பது ஆசிரியர் வைத்த சட்டம். அதைத் தட்டச்சு செய்கிறவள் நான். என் பெயர் வெர்னா. இந்த வேலைக்கு வந்த பிறகு நான் யாருடைய சாவுக்கும் அழுததில்லை.

ஒவ்வொரு குறிப்பின் கடைசியிலும் இரண்டு பத்திகள் வரும். "விட்டுச் சென்றவர்கள்" என்று ஒன்று, உயிரோடு இருக்கிறவர்களுக்கு. "முன்னே போனவர்கள்" என்று இன்னொன்று, இறந்தவருக்கு முன்பே இறந்துபோன சொந்தங்களுக்கு. மினசோட்டாவின் இந்த மூலையில் ஜனங்கள் மழையையும் சோள விலையையும் பார்க்குமுன் இந்த இரண்டு பத்திகளைத்தான் படிப்பார்கள். யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் விட்டுப்போயிற்று என்று பார்ப்பதில் எங்கள் நார்வேக்காரர்களுக்கு இருக்கிற ருசி சாப்பாட்டில்கூடக் கிடையாது.

எண்பத்து நான்காம் வருஷம், பனி உருகிச் சேறான மாதத்தில் சினேவா ட்வெய்ட் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். பக்கத்து ஜில்லாக்காரி. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எழுபது வயது. கணவன் போய்விட்டான், பிள்ளை இல்லை.

"எங்க அம்மாவோட இரங்கல் குறிப்பு வேணும். பன்னெண்டு வருஷமாத் தேடுறேன். சுத்துப்பட்டு ஊர்ப் பத்திரிகை எல்லாத்துலயும் கேட்டாச்சு."

"எப்ப செத்தாங்க?"

"நான் பொறந்தப்பவே. பதினாலாம் வருஷம். வளத்தவங்க அப்படித்தான் சொன்னாங்க. எங்க பொதைச்சாங்கன்னு மட்டும் தெரியல. மே மாசம் எல்லாரும் கல்லறைக்குப் பூ வைக்கப் போறாங்க. எனக்குப் போறதுக்கு ஒரு எடம் வேணும். ஒரு பூத்தொட்டி வச்சுட்டு வந்துருவேன், அவ்வளவுதான்."

ஞானஸ்நானப் பதிவின் நகலை நீட்டினாள். குழந்தை சினேவா. தாய் குரோ ஹாகென். தந்தை பெயர் வரவேண்டிய இடத்தில் பாதிரியார் ஒரு கோடு இழுத்திருந்தார். கோட்டை நன்றாக அழுத்தித்தான் இழுத்திருந்தார்.

பழைய இதழ்களைப் புரட்டினேன். குரோ ஹாகென் சாகவே இல்லை. எனக்குச் சந்தேகம் அங்கேயே தட்டிவிட்டது. எங்கள் ஆட்கள் உயிரோடிருப்பவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை பேசமாட்டார்கள். செத்தால் அரைப் பக்கம் எழுதுவார்கள். அந்த அரைப் பக்கம் இல்லையென்றால் ஆள் போகவில்லை என்றுதான் அர்த்தம்.

"கல்லறையத் தேடினது போதும். கட்டிக்கிட்டுப் பேரு மாறியிருக்கும், கல்யாணத்தத் தேடுவோம் வாங்க," என்றேன்.

சர்ச் அலுவலகத்தில் உட்கார்ந்து, காபியைக் குடித்துக்கொண்டே பழைய புத்தகங்களைப் பார்த்தோம். மூன்று வருஷம் தள்ளிக் கிடைத்தது: குரோ ஹாகென், ஆண்டர்ஸ் பிரெக்கேயை மணந்திருந்தாள். அதற்கும் பிறகு அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. அதன் பெயரும் சினேவா.

எங்களில் பெயர் வைப்பது அம்மா அப்பாவின் இஷ்டம் இல்லை. முதல் பெண்ணுக்கு அம்மாவின் தாயார் பெயர். அந்தக் குழந்தை செத்துப்போனால், அடுத்துப் பிறக்கும் பெண்ணுக்கு அதே பெயர். செத்தால் மட்டும்தான். உயிரோடு ஒருத்தி இருக்கும்போது அவள் பெயரை எடுத்து இன்னொருத்திக்குக் கொடுக்கிறவள் எங்கள் ஜனத்தில் இல்லை. அதனால் ஒரு குடும்பத்தில் ஒரே பெயரில் இரண்டு பிள்ளையைக் கண்டால், வம்சம் எழுதுகிற எவரும் மேற்கொண்டு விசாரிக்கமாட்டார்கள். மூத்ததன் பெயருக்குப் பக்கத்தில், செத்ததற்கு அடையாளமாக ஒரு சிலுவை போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். என் கையும் பழக்கத்தில் பென்சிலை எடுத்தது. ஆனால் சிலுவை போடவேண்டியவள் என் பக்கத்தில் உட்கார்ந்து காபிக்குச் சர்க்கரை கலக்கிக்கொண்டிருந்தாள்.

அவளும் இந்த ஊர் ரத்தம்தானே. படித்தவுடன் புரிந்துகொண்டாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான் செத்துட்டதா எழுதி வச்சிருக்காங்க."

"எழுதல. ஆனா எல்லாரும் அப்படித்தான் படிப்பாங்க."

"அவங்க எப்ப செத்தாங்க, வெர்னா?"

குரோ பிரெக்கேயை எனக்குத் தெரியும். தெரியாதவர்கள் ஊரில் கிடையாது. முதியோர் இல்லத்தில் தொண்ணூறை நெருங்கிக்கொண்டு, சீட்டாட்டத்தில் எல்லாரையும் ஏமாற்றிக்கொண்டு, நர்சுகளை அழவைத்துக்கொண்டு இருந்தாள். அந்த வாய்க்குப் பயந்து எமன்கூடத் தள்ளிப்போட்டான் என்பது என் எண்ணம்.

"இன்னும் இல்ல," என்றேன்.

அடுத்த ஞாயிறு கூட்டிக்கொண்டு போனேன். சினேவா நல்ல கோட்டுப் போட்டிருந்தாள். உருளைக்கிழங்கு மாவில் லெஃப்சே ரொட்டி சுட்டுத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். குரோ ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்து, தனியாகச் சீட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"யாரு போயிட்டா? வெர்னா வந்தாலே எவனாவது போயிருப்பான்."

"யாரும் போகலங்க. இவங்க பேரு சினேவா."

"என் மவ பேரும் அதான். ஊரே நேவா நேவான்னு கூப்பிட்டுப் பாதிப் பேரத் தின்னுருச்சு."

"தெரியும். எனக்கப்புறம் பொறந்தவங்க," என்றாள் சினேவா.

சீட்டுகள் நின்றன. கிழவி அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். சந்தையில் மாட்டைப் பார்க்கிறவர்கள்கூடக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்ப்பார்கள்.

"மூக்கு அவனுது," என்றாள். "என்ன வேணும்? நெலமா? அத நேவா புருஷன் உழுதுட்டிருக்கான்."

"நெலமெல்லாம் வேண்டாம்மா. ஒரு தடவ மவளேன்னு கூப்பிடுங்க, போதும்."

"என் மூத்த மவ செத்துட்டா. எங்க வீட்டுக்காரர் பொண்ணு பாக்க வந்தப்ப அப்படித்தான் சொன்னேன். ஒரு பிள்ள இருந்துச்சு, செத்துருச்சுன்னேன். செத்த பிள்ளைய மன்னிக்கிற அளவுக்கு நல்ல மனுஷன். உசுரோட இருக்கிற பிள்ளைய மன்னிக்கிற அளவுக்கு நல்லவன் இந்த ஜில்லாவுலயே கெடையாது."

"நான் சாகலையே. இங்கதானே நிக்கிறேன்."

"அது உன் சாமர்த்தியம்."

நான் எதற்கும் அசையாதவள். அன்றைக்குப் போய்விடலாம் என்று கோட்டை எடுத்தேன். சினேவா மட்டும் விடவில்லை.

"ஒரு நாளாவது என்னை நெனச்சீங்களா?"

"நெனச்சேன். மாருல பால் கட்டி வலிச்சப்ப. அப்புறம் வத்திப்போச்சு." கிழவி துணியைப் பிரித்து ரொட்டியைப் பிய்த்து மென்றாள். "மாவு ஜாஸ்தி. யாரு கத்துக்குடுத்தா?"

"வளத்தவங்க."

"அப்ப அவங்ககிட்டயே போ. வெர்னா, போறப்ப கதவச் சாத்திட்டுப் போ, காத்து வருது."

பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். சொன்னவன் குரோவைப் பார்த்ததில்லை.

அந்த வாரமே கிழவி என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். தன் இரங்கல் குறிப்பைத் தானே சொல்லப்போகிறாளாம். அதில் ஆச்சரியம் இல்லை. எங்கள் ஊரில் பாதிப் பேர் அடுத்தவர்களை நம்பாமல் அதை உயிரோடிருக்கும்போதே முடித்து வைத்துவிடுவார்கள். பிறந்தது, மணந்தது, மாதர் சங்கத்தில் பொருளாளராக இருந்தது என்று வரிசையாகச் சொன்னாள். விட்டுச் சென்றது, மகள் நேவா.

"முன்னே போனவங்க: அப்பா, அம்மா, கணவர் ஆண்டர்ஸ், மூத்த மகள் சினேவா. கைக்குழந்தையாக."

பென்சிலை நிறுத்தினேன். "உசுரோட இருக்கிறவங்கள எப்படிப் போடுறது?"

"மவளுன்னு சொல்லச் சொன்னாள்ல? சொல்லிட்டேன். கேட்டு வந்தவள வெறுங்கையோட அனுப்புற பழக்கம் எனக்கு இல்ல."

"இது அநியாயம்."

"நீ நியாயம் பாக்கவா சம்பளம் வாங்குற? குடும்பம் குடுக்கிறதப் போடணும்னு உங்க சட்டம். எழுது."

எழுதிக்கொண்டு வந்தேன். வந்ததும் சினேவாவுக்குப் போன் போட்டு, வார்த்தை விடாமல் வாசித்துக் காட்டினேன்.

"ஒரு வார்த்த சொல்லுங்க, அந்த வரிய நான் அடிச்சுடறேன். வேலைய விட்டுத் தூக்குனா தூக்கட்டும்."

"அதுல மகள்னு இருக்கா?"

"இருக்கு. செத்த மகள்னு இருக்கு."

"அப்ப போடு."

"உங்களுக்குப் பைத்தியமா?"

"ஞானஸ்நானப் புத்தகத்துல எழுதினது பாதிரியார், வெர்னா. அவங்க வாயால சொன்னது இது ஒண்ணுதான்."

எனக்கு வந்த கோபத்துக்குப் போனை வைத்த சத்தம் ஆசிரியர் அறைவரை கேட்டது. யார்மேல் கோபம் என்று எனக்கே தெரியவில்லை.

அறுவடை முடிந்த கையோடு குரோ போய்ச் சேர்ந்தாள். குறிப்பு அவள் சொன்னபடியே வந்தது. சவ ஆராதனைக்கு சினேவா வந்து, கடைசி வரிசையில் என்னோடு உட்கார்ந்தாள். முடிந்ததும் கீழ்த்தளத்தில் வழக்கம்போலப் பன்னும் ஹாமும் காபியும். நேவா ஒவ்வொரு மேசையாக வந்து கையைப் பிடித்து நன்றி சொன்னாள். பருத்த, வெள்ளை மனசுக்காரி. இப்படியொரு தாய்க்கு இப்படியொரு பெண்ணா என்று ஊரே வியக்கும். எங்கள் மேசைக்கும் வந்தாள்.

"நீங்க யாரு வழிச் சொந்தம்?"

"திருமதி ட்வெய்ட்," என்றாள் சினேவா. "வெர்னாவோட வந்தேன்."

"நல்லாச் செஞ்சீங்க." நேவா பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "பேப்பர்ல பாத்தீங்களா? அம்மா கடைசி வரைக்கும் அந்தக் குழந்தைய மறக்கல. அவ பேரத்தான் நான் இத்தன வருஷமா வச்சிக்கிட்டிருக்கேன், அவளுக்கு ஒரு கல்லுகூட இல்ல. எங்க பொதைச்சாங்கன்னு அம்மா சொன்னதே இல்ல. பரவால்ல, அம்மா பக்கத்துலயே ஒரு கல்லு வைக்கப்போறேன்."

நான் வாயைத் திறந்தேன். மேசைக்கடியில் சினேவாவின் கை என் மணிக்கட்டை இறுக்கியது. ஆயுசு முழுக்க ரொட்டி பிசைந்த கை, எலும்பு வலித்தது.

"வைங்க. நல்ல காரியம்," என்றாள்.

காரில் ஏறியதும் வெடித்தேன். "ஏன் சொல்ல விடல? அந்தப் பொண்ணு உங்களக் கட்டிக்கிட்டு அழுதிருப்பா. உங்களுக்கு ஒரு தங்கச்சி கெடச்சிருக்கும்."

"சொன்னா அவங்கம்மா பொய்க்காரி ஆயிடுவாங்க. அப்ப அந்தக் குறிப்பு முழுக்கப் பொய். எனக்குன்னு இருக்கிறது அதுல ஒரு வார்த்த. அதையும் குடுத்துட்டு நான் என்ன பண்ணுவேன்?"

சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

மே மாதக் கடைசியில், ஊரே கல்லறைக்குப் பூ எடுத்துப் போகிற நாளில், என்னை அழைத்துப் போகச் சொன்னாள். மடியில் ஒரு சிவப்பு ஜெரேனியத் தொட்டி. பன்னிரண்டு வருஷமாக வைக்க இடமில்லாமல் இருந்த தொட்டி. குரோவின் கல்லை எட்டத்திலிருந்தே கண்டுபிடித்தோம். சுற்றிலும் அவ்வளவு பூ. அதன் பக்கத்தில், முழங்கால் உயரத்தில் புதுக் கல். மேலே, கைக்குழந்தைகளின் கல்லில் செதுக்குகிற ஆட்டுக்குட்டி ஒன்று படுத்திருந்தது. அதன் கீழே எழுத்து: சினேவா. குரோவின் மகள். 1914.

நேவா தண்ணீர் வாளியோடு வந்தாள். "அட, திருமதி ட்வெய்ட். எங்களையும் ஞாபகம் வச்சிருக்கீங்களே." தொட்டியைப் பார்த்தாள். "அம்மாவுக்கு எடமே இல்ல பாருங்க. இத பாப்பாவுக்கு வைங்களேன். அவளுக்கு யாரு இருக்கா, நாமதானே."

சினேவா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. முழங்காலை ஊன்றி மெதுவாக மண்டியிட்டாள். தொட்டியைக் கல்லுக்கு முன்னால் வைத்து, சாயாமல் இருக்கச் சுற்றிலும் மண்ணை அழுத்தினாள். பிறகு எழுத்துப் பள்ளத்தில் ஒட்டியிருந்த புல்லை விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளினாள். "மகள்" என்ற இடத்தில் விரல் நின்றது.

"ஆழமா வெட்டியிருக்காங்க," என்றாள்.

"ஆமா. நூறு வருஷம் ஆனாலும் அழியாதுன்னு சொன்னாங்க," என்று நேவா பெருமையாகச் சொல்லிவிட்டு, அவளை எழுப்பக் கை கொடுத்தாள்.

நான் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டேன்.