ஆளுக்கொரு சீசன்

கார்த்திகை முதல் தேதி காலை, வாணலி, பம்ப் ஸ்டவ், எண்ணெய் டின், ஒரு தார் நேந்திரங்காய் இவற்றோடு ஆனந்தவள்ளி குற்றாலத்தில் ஆட்டோவை விட்டு இறங்கினாள். கடை முகப்புக் கொடியில் அண்ணன் சுடலைமுத்து விற்கிற வெள்ளைத் துண்டுகள் இன்னும் தொங்கின. அவர் உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வழக்கமாக இந்த நாளில் கடையைக் கழுவி, டிரம்மில் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டுப் போய்விடுவார். டிரம் கவிழ்ந்து கிடந்தது.

அம்மா சாகும்முன் வாயால் பிரித்துக் கொடுத்த கடை. அருவியில் குளிக்கக் கூட்டம் வரும் சாரல் சீசன் மகனுக்கு. ஐயப்பன் சீசன் மகளுக்கு. சீசன் என்ற அந்த ஒரு சொல்லுக்கு இந்தப் பக்கத்தில் ஆளுக்கொரு அர்த்தம். பாவூர்சத்திரம் சந்தையில் அது சின்ன வெங்காயம். தென்காசி ஸ்டேஷனில் மாதாந்திர ரயில் பாஸ். டாக்டரிடம் போனால் காய்ச்சல். புருஷனை விட்டு வந்த ஆனந்தவள்ளிக்கு, மலைக்குப் போகும் வண்டிகள் இங்கே நிற்கிற இரண்டு மாதம். அந்தச் சிப்ஸ் வியாபாரத்தில்தான் அவளும் மகளும் வருஷம் முழுக்கச் சாப்பிட வேண்டும்.

இந்த வருஷம் ஆடியில் அருவி வெள்ளமாகக் கொட்டியது. குளிக்கத் தடை என்று போலீஸ் குறுக்கே கயிறு கட்டியது. வந்தவர்கள் தூரத்தில் நின்று போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பினார்கள். யாரும் துண்டு வாங்கவில்லை.

"எனக்கு எங்கட்டி சீசன் வந்துச்சு? தண்ணி விழுந்தவொடனே கயிறு கெட்டிட்டான். எனக்கு இன்னும் முடியல" என்றார் சுடலைமுத்து.

"கயித்த நானா கெட்டுனேன்?"

"ஒனக்குக் கெட்டுனவன் ஒருத்தன் இருக்காம்லா, அவன்ட்ட போய்க் கேளு. சோறு போடுவான்."

பக்கத்து டீக்கடை தங்கபுஷ்பம் கிளாஸ் கழுவுவதை நிறுத்தினாள். சமாதானமாக ஏதோ சொல்ல வாயெடுத்தவள், ஆனந்தவள்ளியின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி கழுவத் தொடங்கினாள்.

ஆனந்தவள்ளி வாசற்படியை அடைத்து, துண்டுகளுக்கு நேர் கீழே ஸ்டவ்வை வைத்தாள். வாணலியில் எண்ணெயை ஊற்றி, பம்ப் அடித்துப் பற்ற வைத்தாள். படியில் உட்கார்ந்து காயைத் தோலுரித்தாள்.

கறுப்பு வேட்டிகளோடு ஒரு வேன் வந்து நின்றது. குருசாமி இறங்கி, கடை யாருடையது என்று கேட்டார்.

"என் கடதான் சாமி" என்று இரண்டு பேரும் சொன்னார்கள்.

குருசாமி இருவரையும் பார்த்துவிட்டு டீக்கடைப் பக்கம் நடந்தார். வேனிலிருந்து மற்றவர்களும் இறங்கி அவர் பின்னால் போனார்கள்.

எண்ணெய் காய்ந்து புகையத் தொடங்கியது. அடிவரிசைத் துண்டுகளின் ஓரம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. அவற்றை எடுக்க வேண்டுமென்றால் அடுப்பைத் தள்ளி வைக்கும்படி அவளிடம் கேட்க வேண்டும். சுடலைமுத்து ஸ்டூலை விட்டு எழவில்லை. அவள் இன்னும் இரண்டு தடவை பம்ப் அடித்தாள்.